அப்பாவின் திதியும் ஐந்தாம் நாள் ஆட்டமும்

எங்கள் ஆபீஸில் ஐந்து பேர் சேர்ந்து டெஸ்ட் மேட்சுக்கு ஒரே ஒரு சீசன் டிக்கெட் வாங்குவது வழக்கம். ஆளுக்கு ஒரு நாள். யாருக்கு எந்த நாள் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்போம். எனக்கு மட்டும் எந்த வருஷமும் ஐந்தாம் நாள்தான் வரும். ஐந்தாம் நாள் என்பது கல்யாண வீட்டில் கட்டுசாதக் கூடை கொடுக்கிற தினம். மேளக்காரர் போயிருப்பார், பந்தல்காரர் ஏணி போட்டு ஏறியிருப்பார், மீந்த லட்டை யார் எடுத்துப் போவது என்று பேச்சு நடக்கும். அறுபதுகளின் டெஸ்ட் மேட்சுகளும் அப்படித்தான். இரண்டு பக்கமும் டிராவுக்கு மனத்தளவில் கைகுலுக்கிவிட்டு, மரியாதைக்காகப் பந்து போட்டுக்கொண்டிருப்பார்கள். நானும் மரியாதைக்காகப் போய், வெயில் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, தேநீர் இடைவேளை வரை தூங்கிவிட்டு வருவேன்.

ஒரே ஒரு வருஷம் இந்த விதி மாறியது. வந்திருந்த வெளிநாட்டு அணி எதுவென்று சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் வருஷத்தைக் கண்டுபிடிப்பீர்கள். வருஷத்தைக் கண்டுபிடித்தால் என் வயதைக் கண்டுபிடிப்பீர்கள். அவர்கள் இரண்டு நாள் நம் ஆட்களைப் பந்து பொறுக்க விட்டுவிட்டு, பிறகு நம்மைச் சுருட்டி, மறுபடியும் ஆடச் சொன்னார்கள். நான்காம் நாள் சாயங்காலம் பாதிப் பேர் அவுட். ஐந்தாம் நாள் முழுக்க நின்று காட்டினால் டிரா, இல்லாவிட்டால் மானம் போய்விடும் என்ற நிலை. என் ஆயுளில் முதல் தடவையாக ஐந்தாம் நாள் டிக்கெட்டுக்கு ஒரு மதிப்பு வந்திருந்தது. முதல் நாள் போன சகா, காண்டீனில் எனக்கு வடை வாங்கிக் கொடுத்துப் பேச்சை ஆரம்பித்தார். நான் வடையைத் தின்றுவிட்டுப் பேச்சை மறுத்துவிட்டேன்.

டிக்கெட்டும் கையுமாகப் பம்பாய் மாட்டுங்கா வீட்டுக்கு வந்தபோது மனைவி தினசரிக் காலண்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன்னா, நாளைக்கு லீவு சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சே. மேட்ச்."

"மேட்சா? நாளைக்கு மார்கழி தசமின்னா. அப்பாவோட சிராத்தம்."

எனக்குத் தெரியாததல்ல. பத்து நாள் முன்பே வாத்தியாரிடம் சொல்லி, பிரண்டைக்கும் வாழைக்காய்க்கும் மார்க்கெட்டில் ஏற்பாடு செய்தவனே நான்தான். ஆனால் மனித மூளையில் இரண்டு அலமாரிகள் இருக்கின்றன. திதி ஒரு அலமாரியில் இருந்தது. ஐந்தாம் நாள் இன்னொன்றில் இருந்தது. இரண்டும் ஒரே தேதி என்பதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை. ஒரு முதுகலைப் பட்டதாரியிடம் போய் யார் இதையெல்லாம் சொல்வார்கள்?

அப்பா போய் அப்போது நான்கு வருஷம் ஆகியிருந்தது. அவரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். சாது. கோபம் என்பதே கிடையாது, நம் ஆட்கள் மட்டை பிடிக்காத வரைக்கும். அவர்கள் மட்டை பிடிக்க ஆரம்பித்து, ஒரு ஜோடி நிலைத்துவிட்டால், வீட்டில் யார் எங்கே எப்படி இருக்கிறார்களோ அப்படியே இருக்க வேண்டும். நகர்ந்தால் விக்கெட் விழும். ஒரு தடவை அம்மா சாதக் கரண்டியோடு சமையலறை வாசலில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறாள். நான் ஒரு காலில் செருப்போடு இருந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோ இல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வர்ணனை இங்கிலீஷில் இருந்ததால் அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் ஆட்டம் முழுக்கப் புரியும். அவள் வர்ணனையாளரைக் கேட்பதேயில்லை. அவருக்குப் பின்னால் கேட்கும் கூட்டத்தை மட்டும் கேட்பாள். இரைச்சல் ஏறி அப்படியே நின்றால் நான்கு ரன். ஏறிச் சட்டென்று இறங்கினால் கேட்சை விட்டுவிட்டான். ஒன்றுமே இல்லாமல் ஒரு பெருமூச்சு மட்டும் வந்தால் நம் ஆள் அவுட். பத்திரிகையில் மறுநாள் வருவதற்கும் அவள் சொன்னதற்கும் வித்தியாசம் இருந்து நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே வாத்தியாரைத் தேடிக்கொண்டு போனேன். மார்க்கெட் பக்கம் பூக்கடைகளுக்கு முன்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு யாரிடமோ கிரகப்பிரவேசம் பேசிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு சந்தேகம். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி தசமி இன்னிக்கே வந்துட்டதாமே?"

"வந்துடுத்து. இப்போ சூரியன் அஸ்தமிச்சும் போயாச்சு."

"இல்லை, நாளன்னிக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்குமோன்னு…"

வாத்தியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்காத்துல என்ன பஞ்சாங்கம்?"

"வாக்கியம்."

"உங்கப்பா வாக்கியத்துலதானே போனார்? ஒரு பஞ்சாங்கத்துல போனவரை இன்னொரு பஞ்சாங்கத்துல தேடினா, பாவம், அவர் எங்கே வந்து நிப்பார்?" சற்றுப் பொறுத்து, "அஞ்சாம் நாள் டிக்கெட்டா?" என்றார்.

"ஆமாம்."

"அஞ்சு விக்கெட் போயிடுத்து, தெரியுமோ?"

இவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதே எனக்குத் தெம்பாக இருந்தது. திதியை நகர்த்தும் யோசனையைக் கைவிட்டுவிட்டு அடுத்த சந்தேகத்தைக் கேட்டேன். சிராத்தம் செய்தவன் அன்றைக்கு யாத்திரை போகக் கூடாது என்று சாஸ்திரம். மாட்டுங்கா ரோடிலிருந்து மைதானம் இருக்கிற சர்ச்கேட் வரை ரயிலில் போவது யாத்திரையா?

வாத்தியார் சைக்கிள் மணியைத் தடவியபடி யோசித்தார். பம்பாயில் தர்மசாஸ்திரம் பேசுவது சுலபமான காரியமல்ல. ரிஷிகள் லோக்கல் ரயிலைப் பார்த்ததில்லை.

"பாஸ் வெச்சிருக்கேளோ?"

"மூணு மாசப் பாஸ்."

"அப்போ யாத்திரை இல்லை. தினம் போற வழி, வாசல்லேர்ந்து கொல்லைக்குப் போற மாதிரி. ஆனா எல்லாம் முடிஞ்சு, நீங்க சாப்பிட்டப்புறம்தான். பன்னெண்டுக்கு ஆரம்பிச்சா ரெண்டுக்கு முடிச்சுத் தரேன். டீ இடைவேளைக்குப் போய்ச் சேரலாம்."

நான் அவருக்கு நமஸ்காரம் செய்யாததற்கு ஒரே காரணம், நடுவில் சைக்கிள் இருந்தது.

மறுநாள் எல்லாம் சரியாகத்தான் தொடங்கியது, வாத்தியாரைத் தவிர. தசமியில் போனவர் அப்பா ஒருவரல்லர். கிங்ஸ் சர்க்கிளில் வாத்தியாருக்கு வேறொரு வீட்டிலும் அதே திதி இருந்தது. அந்த வீட்டுக்காரர் மந்திரங்களுக்கு அர்த்தம் கேட்கிற ரகம் போலிருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு வரவேண்டியவர் ஒன்றரைக்கு வியர்க்க விறுவிறுக்க வந்தார். அதற்குள் பக்கத்து வீட்டுக் குஜராத்திக்காரரின் ரேடியோவிலிருந்து மூன்று பெருமூச்சுகள் வந்துவிட்டன. அம்மா சமையலறையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டு விக்கெட். எஞ்சியவர்களில் நம்பத் தகுந்தவர் விக்கெட் கீப்பர் ஒருவர்தான். அவருக்குத் துணை, மட்டையைத் துடைப்பம் மாதிரி பிடிக்கிற ஒரு சுழல் பந்துக்காரர்.

சிராத்தத்தில் இரண்டு பிராமணர்களைச் சாப்பிட உட்கார வைப்போம். ஒருவர் தேவர்களுக்காக, மற்றவர் இறந்துபோனவருக்காக. அந்த இரண்டாமவர்தான் அன்றைக்கு அப்பா. அவர் திருப்தியாகச் சாப்பிட்டால் அப்பா சாப்பிட்ட மாதிரி. அப்பாவுக்கு என்னென்ன பிடிக்குமோ அதையெல்லாம் விதிக்குட்பட்டுச் செய்து அவர் இலையில் போடுவோம். வாத்தியார் அழைத்துவந்திருந்த இருவரில், தேவர் இடத்துக்கு வந்தவர் ஒல்லி. தாதரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர். அரை நாள் லீவில் வந்திருந்தார். வந்ததும் வராததுமாக, "மூணு மணிக்குக் கடையில இருக்கணும்" என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். அப்பா இடத்துக்கு வந்தவர் செம்பூர்க்காரர், ஓய்வு பெற்றவர். கதவு நிலையில் குனிந்து நுழைந்தார். உட்கார்ந்ததும் அந்த அறை சின்னதாகிவிட்டது. இவர் சாப்பாட்டில் வேகமானவராகத்தான் இருப்பார் என்று நான் மகிழ்ந்தேன். ஆளைப் பார்த்து எடை போடுவதில் எனக்கு எப்போதுமே கெட்டிக்காரத்தனம் உண்டு.

இரண்டரைக்கு இலை போட்டோம். அதன் பிறகு சில விதிகள் அமலுக்கு வருகின்றன. சாப்பிடுகிறவர்கள் பேசக் கூடாது. வேண்டும், வேண்டாம் என்பதைக் கையால்தான் காட்ட வேண்டும். நடுவில் ஒருவர் மட்டும் எழுந்திருக்கவும் கூடாது. இருவரும் சேர்ந்துதான் எழ வேண்டும். முடித்துக்கொள்ள நினைத்தால் உள்ளங்கையை நீட்டுவார்கள், நான் அதில் ஒரு கரண்டி தீர்த்தம் விடுவேன், குடித்ததும் முடிந்தது. அவர்கள் சாப்பிடும் வரை வாத்தியார் வேதம் சொல்லிக்கொண்டிருப்பார், அவர்கள் காதில் விழுவதற்காக. பரிமாறுகிறவன் அவசரப்படுத்தக் கூடாது. இந்தக் கடைசி விதியைத்தான் நான் மனத்தில் கொஞ்சம் சுற்றிவளைத்து வைத்திருந்தேன்.

நல்ல பசியோடு ஆரம்பித்தார் செம்பூர்க்காரர். வாழைக்காய்க் கறி, பாகற்காய்ப் பிட்லை, இஞ்சிப் பச்சடி என்று ஒரு சுற்று முடிந்து வடையை எடுத்தார். அப்போது பக்கத்து வீட்டிலிருந்து ஓர் இரைச்சல் கிளம்பிச் சுவரைத் தாண்டி வந்தது. வடை வாய்க்குப் பக்கத்தில் நின்றது. அவருடைய கண்கள் மட்டும் சுவர்ப் பக்கம் நகர்ந்தன. வாத்தியாரின் வேதம் ஒரு சுருதி இறங்கியது.

சமையலறை வாசலிலிருந்து அம்மா யாரிடமும் இல்லாமல் சொன்னாள்: "நாலு ரன். விக்கெட் போகலை."

செம்பூர்க்காரர் தலையை ஒரே ஒரு தடவை ஆட்டிவிட்டு வடையைக் கடித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. இவரும் அந்த ஜாதி.

அம்மாவுக்கும் புரிந்துவிட்டது. "ஏண்டா, இன்னிக்கு யாருக்காகப் பண்றோம்?" என்றாள்.

"அப்பாவுக்காக."

"ரேடியோ இல்லாம அவர் என்னிக்குச் சாப்பிட்டிருக்கார்? வடை மட்டும் போட்டா ஆச்சா?"

நான் வாத்தியாரைப் பார்த்தேன். அவர் மந்திரத்தை நிறுத்தாமல், கூடாது என்று சொல்லாமல், கண்ணை மூடிக்கொண்டார். சாஸ்திரம் எப்போதெல்லாம் மௌனமாக இருக்கிறதோ அப்போதெல்லாம் அனுமதி என்று அர்த்தம். ஆனால் எங்கள் வீட்டு ரேடியோவை, குளித்து ஆசாரமாக மடியில் இருக்கிற யாரும் தொட முடியாது. ஆகவே பஞ்சகச்சமும் விரலில் தர்ப்பைப் பவித்திரமுமாகப் பொது வராந்தாவுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவுக்கு நேரே நின்று, தொடாமல், ரேடியோ சத்தத்தைக் கூட்டச் சொல்லிக் குரல் கொடுத்தேன்.

"பாய், ரேடியோ கா ஆவாஜ் ஜரா படாவோ."

குஜராத்திக்காரர் எட்டிப் பார்த்தார். நெற்றியிலும் மார்பிலும் இருந்த விபூதியைப் பார்த்து, இன்று உங்கள் வீட்டில் பூஜையாயிற்றே என்று குழம்பினார். "ஆஜ் துமாரே கர் மே பூஜா ஹை நா?"

பூஜைக்காகத்தான் கேட்கிறேன் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் விளக்கினேன். அவர் நல்ல மனிதர். இருபது வருஷமாக எங்கள் வீட்டு வழக்கங்களைப் பார்த்து, கேள்வி கேட்பதில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். ரேடியோவையே தூக்கிவந்து வராந்தாவில் எங்கள் ஜன்னலுக்குக் கீழே ஸ்டூல் போட்டு வைத்துவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். செம்பூர்க்காரரின் வேகம் குறைந்தது. முதலில் கவளம் சிறிதாயிற்று. பிறகு கவளம் என்றே சொல்ல முடியாமல் பருக்கைகளாயிற்று. பந்து வீச்சாளர் ஓடிவரும்போது கை இலையில் நிற்கும். பந்து மட்டையில் பட்டது என்று வர்ணனை சொன்ன பிறகு ஒரு பருக்கை உள்ளே போகும். ஒரு ஓவருக்கு ஆறு பருக்கை. எழுந்திருக்கிற எண்ணமே அவர் முகத்தில் இல்லை. ஜோடி நிலைத்துவிட்டது, அவர் நகர மாட்டார்.

பக்கத்து இலையில் ஒல்லி மனிதர் எப்போதோ சுத்தமாகச் சாப்பிட்டு முடித்திருந்தார். கடிகாரம் மூன்றைத் தாண்டியதும் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவருக்குக் கடை; எனக்கு மைதானம். எங்கள் இருவரின் விமோசனமும் அந்தச் செம்பூர் உள்ளங்கையில் இருந்தது. அவர் பேச முடியாது. நான் பேசக் கூடாது. இடுப்பு மடிப்பில் டிக்கெட் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. உடனே புறப்பட்டால்கூடக் கடைசி முக்கால் மணி நேரத்தைப் பார்த்துவிடலாம். இப்படியொரு ஐந்தாம் நாள் இனி எனக்கு வாய்க்கப் போவதில்லை. சீட்டுக் குலுக்கலில் என் ராசி எனக்குத் தெரியும்.

நான் தீர்த்தப் பாத்திரத்தை எடுத்தேன். யாரும் கேட்கவில்லை. சும்மா, பக்கத்தில் தயாராக இருக்கட்டும் என்கிற மாதிரி, இலைக்கு எதிரே போய்க் குனிந்து நின்றேன். கரண்டியைப் பாத்திரத்தில் கொஞ்சம் சத்தம் வருகிற மாதிரி வைத்தேன். செம்பூர்க்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஒல்லி மனிதரையும் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்த யாருக்கும் இரக்கம் வரும். பெருமூச்சு விட்டு, தயங்கித் தயங்கி, வலது கையை இலையிலிருந்து எடுத்து நீட்டினார்.

ஜன்னலுக்கு வெளியே இன்னொரு பெருமூச்சு கேட்டது. அது ஐம்பதாயிரம் பேர் சேர்ந்து விட்டது.

"போச்சு," என்றாள் அம்மா.

விக்கெட் கீப்பர் அவுட். ஒன்பதாவது விக்கெட். செம்பூர்க்காரர் நீட்டிய கையை, சுட்டுக்கொண்ட மாதிரி, இலைக்கே திருப்பி வைத்துக்கொண்டார். என்னை அவர் பார்த்த பார்வையில் திட்டு இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அப்பாவும் அப்படித்தான் பார்ப்பார், யாராவது நகர்ந்து விக்கெட் விழுந்தால்.

"சாப்பிட்டிண்டிருக்கறவரை எழுப்பப் பார்த்தே. என்ன ஆச்சு பார்த்தியா?" என்றாள் அம்மா. வாத்தியார் சொல்லிக்கொண்டிருந்த பகுதியை முடிக்காமல், இரண்டு பக்கம் பின்னால் போய், மறுபடி ஆரம்பித்தார். வராந்தாவிலிருந்த குஜராத்திக்காரர்கூட ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார். அவருக்கு விஷயம் எப்படிப் புரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் படித்தவன். பகுத்தறிவைப் பற்றி ஆபீஸ் பத்திரிகையில் கட்டுரையே எழுதியிருக்கிறேன். மாட்டுங்காவில் ஒருவர் கை நீட்டுவதற்கும் சர்ச்கேட்டில் ஒருவர் பந்தைக் கோட்டைவிடுவதற்கும் காரண காரிய சம்பந்தம் கிடையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தெளிவோடு தீர்த்தப் பாத்திரத்தைக் கொண்டுபோய் அறையின் கடைசி மூலையில் வைத்துவிட்டு, வடைத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.

கடைசி ஆட்டக்காரர் உள்ளே வந்தார். வேகப் பந்துக்காரர்; மட்டையோடு அவருக்குப் பழக்கம் அதிகமில்லை. பந்து வருகிற பக்கம் மட்டையை அனுப்பிவிட்டு, தான் வேறு பக்கம் போகிறவர். இன்னும் நிறைய நேரம் இருந்தது. துணிந்து ஒரு வடை போட்டேன். செம்பூர்க்காரர் பந்துக்கு ஒரு கிள்ளாகக் கிள்ளினார்.

சீக்கிரமே வேறொரு சங்கடம் தெரிந்தது. மனிதருக்கு வயிறு நிரம்பிவிட்டது. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. துண்டால் துடைக்கக்கூட அவர் கையைத் தூக்கவில்லை. நான் விசிறியை எடுத்து விசிறினேன். இலை காலியாகக் கூடாது; காலியானால் விதிப்படி போதுமா என்று கேட்க வேண்டும். நிறையப் போடவும் கூடாது. போட்டதைச் சாப்பிட்டாக வேண்டும். ஓவரையும் வயிற்றையும் கூட்டிக் கழித்துப் பரிமாறுவது ஒரு கலை. நான் எந்தக் கலையிலும் தேர்ச்சி பெற்றதில்லை. அன்று இதில் பெற்றேன்.

மனைவி பின்னாலிருந்து ரகசியக் குரலில் கூப்பிட்டாள். "ஏன்னா, வடை மூணுதான் மிச்சம். எத்தனை ஓவர் இருக்கு?"

"பத்து இருக்கும்."

"கால் கால் வடையாப் போடுங்கோ. அதிரசத்துல கை வெக்காதீங்கோ, அது கனம், தாங்க மாட்டார். பயத்தம் உருண்டை இருக்கு, அதை உதிர்த்துத் தரேன்."

மூன்று வருஷமாக, கிரிக்கெட் என்றால் கதவைச் சாத்திக்கொள்கிறவள் இவள். நான் ஆச்சரியப்பட்டது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "சீக்கிரம் போங்கோன்னா, ஓவர் ஆரம்பிச்சுட்டான்," என்றாள்.

"நமக்கு ஒண்ணும் மிஞ்சாதே," என்றேன்.

"ரசஞ்சாதம் சாப்பிட்டுக்கலாம்," என்றாள் அம்மா. "நீ அவரைக் கவனி."

அவர் என்று அம்மா சொன்னது செம்பூர்க்காரரையா, அப்பாவையா என்று நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முழங்காலிட்டு, உதிர்த்த பயத்தம் உருண்டையை ஒரு விரலளவு வைத்தேன். ரேடியோவில் இரைச்சல் ஏறிச் சட்டென்று இறங்கியது. "கேட்சை விட்டுட்டான்," என்றாள் அம்மா. செம்பூர்க்காரர் கண்ணை மூடி விழுங்கினார். வாத்தியார் குரல் கம்மிப்போய், இருந்தும் நிறுத்தாமல், வேதத்தில் நான் அதுவரை கேட்டறியாத பிரதேசங்களுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தார். ஒல்லி மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார். பார்க்கிறவர்களுக்குத் தியானம் என்று தோன்றும்.

நான் பிடிக்க வேண்டிய ரயில், அதற்கடுத்த ரயில், கடைசி ஓவருக்காவது கொண்டுபோய்ச் சேர்த்திருக்கக்கூடிய ரயில், எல்லாம் மாட்டுங்கா ரோடைவிட்டு எப்போது போயின என்று எனக்குத் தெரியாது. அந்த அரை மணி நேரம் எனக்கு டிக்கெட்டின் ஞாபகமே வரவில்லை. கடைசி வடையின் கடைசிக் கால் பகுதியை எந்தப் பந்துக்குப் போடுவது என்பதைத் தவிர உலகத்தில் வேறு பிரச்சினை இல்லை.

பிறகு ஓர் இரைச்சல் கிளம்பியது. ஏறியது. இறங்கவில்லை. ஏறிக்கொண்டே போயிற்று. வர்ணனையாளர் என்ன சொன்னார் என்பது அதில் மூழ்கிவிட்டது. குஜராத்திக்காரர் ஸ்டூலை விட்டு எழுந்தார். நாங்கள் எல்லோரும் சமையலறை வாசலைப் பார்த்தோம்.

அம்மா நிதானமாகக் கேட்டாள். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஸ்டம்பைப் பிடுங்கிட்டா. ஆட்டம் முடிஞ்சுடுத்து. நம்மாளு அவுட் இல்லை."

செம்பூர்க்காரர் கையை நீட்டினார். நான் மூலைக்கு ஓடித் தீர்த்தத்தை எடுத்துவந்து விட்டேன். பாதி அவர் கையிலும் பாதி தரையிலும் விழுந்தது. வாத்தியார் வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, "கேளுங்கோ," என்றார். திருப்தியா என்று கர்த்தாவான நான் கேட்க வேண்டும். திருப்தி என்று அவர்கள் சொல்ல வேண்டும். நான் கேட்டேன். விதிப்படி ஒரு தடவை பதில் சொன்னால் போதும். செம்பூர்க்காரர் மூன்று தடவை சொன்னார், ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிட உரக்க. அந்தச் சத்தத்தில் ஒல்லி மனிதர் விழித்துக்கொண்டு, தானும் சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கிடைத்த பேச்சுரிமையை முதல் காரியமாகப் பயன்படுத்தினார்.

"யாருக்கும் யாருக்கும் மேட்ச்?"

கடைக்கு என்ன சொல்வது என்ற கவலை அவருக்கு. டெஸ்ட் மேட்சைக் காப்பாற்றியதாகச் சொல்லச் சொல்லி வாத்தியார் யோசனை கொடுத்தார். அவர் அதைச் சொன்னாரா என்று தெரியாது. விழுந்தடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

செம்பூர்க்காரர் உடனே போகவில்லை. போகிற நிலையில் இல்லை. கூடத்தில் ஜமுக்காளத்தை விரித்தோம். நாள் முழுக்க மட்டை பிடித்து ஆட்டமிழக்காமல் திரும்பியவர் மாதிரி மல்லாந்து படுத்தார். நாங்கள் மீதிச் சடங்குகளை முடித்து, ரசஞ்சாதமும் ஆளுக்கு ஓர் அதிரசமுமாகச் சாப்பிட்டோம். அப்பா போன பிறகு, அவர் திதியன்று அம்மா இரண்டாம் தடவை சாதம் போட்டுக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். மனைவி என்னிடம், ஓவருக்கு எத்தனை பந்து என்று சந்தேகம் கேட்டாள். இத்தனை நேரம் எட்டு என்ற கணக்கில்தான் அவள் வடையைப் பிரித்திருக்கிறாள்.

சாயங்காலம் செம்பூர்க்காரரைப் பஸ் ஏற்றிவிட நானும் கூடப் போனேன். தனியே அனுப்ப முடியாது. அவர் நடை அப்படி. ஸ்டேஷன் பாலத்திலிருந்து மைதானத்துக் கூட்டம் இறங்கி வந்துகொண்டிருந்தது. தொப்பியும் டிபன் டப்பாவும் தொண்டை கட்டிய குரல்களுமாக ஒரே கலகலப்பு. எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடிக்காரர் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன சார், நீங்க வரலையா? உங்ககிட்ட டிக்கெட் இருந்ததே?"

"முடியலை. ஆத்துல சிராத்தம்."

"அடடா. ஜன்மத்துக்கும் இப்படி ஒரு மேட்ச் வராது சார். கடைசி ஒரு மணி நேரம் எப்படிப் போச்சுன்னு உங்களுக்கு எப்படிச் சொல்றது? அந்தக் கடைசி ஆள் எப்படித் தாக்குப்பிடிச்சான்னு யாருக்குமே புரியலை."

செம்பூர்க்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். "எங்களுக்குப் புரியும்," என்றார். "நீங்கள்ளாம் போய்ப் பார்த்தேள், அவ்வளவுதான். ஆட்டத்தைக் காப்பாத்தினது நாங்க."

மூன்றாம் மாடிக்காரர் அவருடைய விபூதியையும், மூச்சு வாங்குவதையும், மேல்துண்டில் ஒட்டியிருந்த பயத்தம் மாவையும் பார்த்துவிட்டு, ஏதாவது விளக்கம் கிடைக்குமா என்று என் பக்கம் திரும்பினார்.

"ஆமாம்," என்றேன். "கடைசி ஒரு மணி நேரம் பரிமாறினது நான்."